மூக்கடைப்பும் மிதிவண்டிப் பந்தயமும்: ‘ஓட்டுவதா, ஓய்வெடுப்பதா’ என்ற கேள்வியின் வரலாறு

சளி, மூக்கடைப்பு, சைனஸ் அழற்சி ஆகியவை மிதிவண்டிப் பந்தய வீரர்களை அடிக்கடி தொல்லைப்படுத்தும் நோய்கள். இவற்றால் உயிர் போவது அரிது. ஆனால் பல மாதப் பயிற்சியை ஒரே வாரத்தில் வீணாக்க இவற்றால் முடியும். ஆகவே சளி பிடித்த வீரர் பயிற்சியைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்ற கேள்வி, பந்தயம் தோன்றிய காலந்தொட்டே இருந்து வருகிறது. அதற்குச் சொல்லப்பட்ட விடைதான் காலத்துக்குக் காலம் மாறியது. தொடக்கத்தில் வீரரின் மனவுறுதி விடை சொன்னது. பின்னர் மருந்து விடை சொன்னது. மருத்துவ ஆய்வு இந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுத்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அந்த மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

மூக்கும் சைனஸும் செய்யும் வேலை

நாம் உள்ளிழுக்கும் காற்றை மூக்கு வடிகட்டுகிறது, சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. கன்னத்தில் ஓர் இணை, நெற்றியில் ஓர் இணை, கண்களுக்கு இடையே ஓர் இணை, மண்டைக்குள் சற்று ஆழத்தில் ஓர் இணை. இவற்றையே சைனஸ் என்கிறோம். இவை சிறு துளைகள் வழியே மூக்கினுள் திறக்கின்றன. சளியால் அத்துளைகள் வீங்கி மூடிக்கொண்டால் உள்ளே நீர் தேங்கும். முகம் கனக்கும், குனிந்தால் வலிக்கும். சித்த மருத்துவம் இத்தகைய மூக்கு நோய்களைப் பீனிசம் என்ற பெயரில் குறிப்பிடுகிறது.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அந்த அளவுக்கு மூக்கு ஒன்றே போதும். உடற்பயிற்சியில் இது 35 முதல் 40 லிட்டரைத் தாண்டும்போது பெரும்பாலோர் தம்மை அறியாமலே வாயையும் திறந்து மூச்சுவிடத் தொடங்குவர். மலையேறும் பந்தய வீரருக்கோ நிமிடத்துக்கு 150 லிட்டருக்கு மேலும் காற்று தேவைப்படும். அந்நிலையில் குளிர்ந்த காற்றும் தூசியும் மகரந்தமும் வடிகட்டப்படாமல் நேராக மூச்சுக்குழாய்க்குள் செல்கின்றன. மணிக்கணக்கில் சாலையில் ஓட்டுபவருக்கு மூக்கும் தொண்டையும் அடிக்கடி புண்ணாவதற்கு இது முக்கியக் காரணம்.

வீரர்களைக் குழப்பும் செய்தி ஒன்றும் உண்டு. உடல் கடுமையாக உழைக்கும்போது நரம்புத் தூண்டலால் மூக்கின் உட்புற இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அடைத்த மூக்கு சிறிது நேரம் திறந்துகொள்கிறது. ‘வண்டி ஓட்டினால் சளி சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்தது. ஓட்டி முடித்த சற்று நேரத்தில் குழாய்கள் மீண்டும் விரிந்து மூக்கு அடைத்துக்கொள்ளும். திறந்தது மூக்கு மட்டுமே; நோய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

தாங்குவதே வீரம் என்ற காலம்

பிரான்சைச் சுற்றிவரும் பந்தயமான டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. அன்றைய கட்டங்கள் 400 கிலோமீட்டரைக்கூடத் தாண்டின. இரவிலும் ஓட்ட வேண்டியிருந்தது. காய்ச்சலோ சளியோ கண்டால் விலகுவது தோல்வி என்றே கருதப்பட்டது. 1924-இல் பந்தயத்தின் நடுவே விலகிய ஆன்றி பெலிசியேயும் அவருடைய தோழர்களும், தாங்கள் பையில் வைத்திருந்த மருந்துகளைப் பத்திரிகையாளர் ஆல்பர்ட் லோந்தரிடம் எடுத்துக் காட்டினர். கண்ணுக்குக் கொக்கெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், வேறு பல மாத்திரைகள் என்று அந்தப் பட்டியல் நீண்டது. அச்செய்தி பிரான்சை அதிரவைத்தது. வீரர்கள் உடல் சொல்வதைக் கேட்டு ஓட்டவில்லை, அதை மரத்துப்போகச் செய்துவிட்டு ஓட்டினர் என்பது அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த மனநிலை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மாறவில்லை என்பதற்கு 1975-ஆம் ஆண்டுப் பந்தயம் சான்று. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஐந்து முறை டூர் வென்றவர். அவ்வாண்டு நடப்பு உலக வாகையரும்கூட. புய் டி டோம் மலையேற்றத்தில் பார்வையாளர் ஒருவர் அவரது வயிற்றுப் புறத்தில் குத்தினார். பின்னர் பிரா-லூ மலையில் அவர் பெர்னார் தெவனேயிடம் மஞ்சள் சட்டையை இழந்தார். அதன்பின் ஒருநாள், பந்தயம் முறையாகத் தொடங்கும் முன்னரே டென்மார்க் வீரர் ஓலே ரிட்டருடன் மோதி விழுந்தார். கன்ன எலும்பு முறிந்தது. கன்னச் சைனஸுக்குச் சுவராக அமைந்த பகுதி அது. திட உணவை மெல்ல முடியாமல் நீராகாரத்தையே நம்ப வேண்டியதாயிற்று. மருத்துவர்கள் விலகச் சொன்னார்கள். அவர் விலகவில்லை. தாம் விலகினால் அணித் தோழர்களின் பரிசுப்பணம் குறையும் என்பதும் அவர் எண்ணிய காரணங்களுள் ஒன்று. பாரிஸ் வரை ஓட்டி, 2 நிமிடம் 47 வினாடி வேறுபாட்டில் இரண்டாம் இடம் பெற்றார்.

அன்று உலகம் அவரைப் போற்றியது. ஆனால் அந்த முடிவு தம் ஆட்டக்காலத்தைக் குறைத்துவிட்டது என்று பிற்காலத்தில் மெர்க்ஸே வருந்தினார். அதன்பின் அவர் டூரை வெல்லவே இல்லை. 1978-இல் ஓய்வு பெற்றார். நோய்க்கும் காயத்துக்கும் வேறுபாடு உண்டு என்றாலும், மருத்துவர் சொல்லை மீறி ஓட்டுவதன் விலை என்ன என்பதற்கு மிதிவண்டி உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது.

சளி மருந்தே சிக்கலான கதை

ஊக்கமருந்துச் சோதனை வந்தபின் சளி பிடித்த வீரருக்கு இன்னொரு தொல்லை சேர்ந்தது. மூக்கடைப்பை நீக்கும் மருந்துகளில் பல, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் சில இதயத்தையும் நரம்பையும் தூண்டக்கூடியவை. ஆகவே தடைப்பட்டியலில் இடம்பெற்றன.

1973 அக்டோபரில் இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தில் மெர்க்ஸ் முதலாவதாக வந்தார். சோதனையில் அவரிடம் நார்எஃபெட்ரின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது. அணி மருத்துவர் கொடுத்த இருமல் மருந்தில் அது இருந்தது. வெற்றி பறிக்கப்பட்டு ஃபெலிசே ஜிமோந்திக்கு வழங்கப்பட்டது.

வேறு விளையாட்டுகளிலும் இவ்வாறு நடந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் சீருடற்பயிற்சி வீராங்கனை ஆந்திரேயா ரடுகான், 16 வயதில், தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் வென்ற தங்கத்தை இழந்தார். சளிக்காக அணி மருத்துவர் தந்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்ததே காரணம். 2004-இல் அப்பொருள் தடைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2010-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் போட்டிக்காலத்தில் அது விதிமீறல் ஆகும்.

இந்தத் தடைகளால் வீரருக்கு ஒரு நன்மையும் உண்டு. இவ்வகை மாத்திரைகள் நோயைப் போக்குவதில்லை. அதன் அறிகுறியை மறைக்கின்றன. காய்ச்சல் மாத்திரையும் அப்படித்தான். அறிகுறி மறைந்த நிலையில் கடுமையாகப் பயிற்சி செய்பவருக்குத் தம் உடல் எங்கே நிற்கிறது என்பது தெரியாது.

இதயத்தைப் பற்றிய அச்சம்

1970-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்குக் காக்சாக்கி பி3 என்னும் வைரசைச் செலுத்தினர். சில எலிகளை வெதுவெதுப்பான நீரில் நீந்த வைத்தனர். மற்றவற்றை ஓய்வாக விட்டனர். நீந்திய எலிகளின் இதயத் தசையில் வைரஸ் பன்மடங்கு பெருகியது. இறப்பும் அவற்றிலேயே மிகுந்திருந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் உடலெங்கும் பரவிய வைரஸ் நோயின்போது கடும் உழைப்பு இதயத்தைத் தாக்கக்கூடும் என்ற எச்சரிக்கைக்கு இது அடித்தளமாயிற்று.

பின்னர் சுவீடனிலிருந்து கவலை தரும் செய்தி வந்தது. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் ஓடும் ஓரியன்டீரிங் என்னும் விளையாட்டில், 1979 முதல் 1992 வரை 16 இளம் வீரர்கள் திடீரென இறந்தனர். அவர்களுள் பலரது இதயத் தசையில் அழற்சி காணப்பட்டது. எந்தக் கிருமி காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. எனினும் 1992-ஆம் ஆண்டின் இறுதியில் உயர்நிலைப் போட்டிகள் சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நோயுற்ற நிலையில் பயிற்சி செய்யக் கூடாது என்ற அறிவுரை வலுப்பெற்றது. மிதிவண்டி உள்ளிட்ட நெடுந்தூர விளையாட்டுகள் அனைத்தும் இதிலிருந்து பாடம் கற்றன.

‘கழுத்து விதி’யும் அதைச் சோதித்த ஆய்வும்

ஒவ்வொரு தும்மலுக்கும் பயந்து வண்டியை நிறுத்தினால் எந்த வீரரும் முன்னேற முடியாது. இங்குதான் எளிய விதி ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்க மருத்துவர் ராண்டி ஐக்னர் 1993-இல் அதை எழுதினார். அறிகுறிகள் கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால், அதாவது மூக்கு ஒழுகுதல், மூக்கடைப்பு, தும்மல், இலேசான தொண்டைக் கரகரப்பு என்ற அளவில் இருந்தால், பாதி வேகத்தில் தொடங்கலாம். பத்து நிமிடத்தில் உடல் தெளிந்தால் தொடரலாம். தலை கனத்தால் நிறுத்திவிட வேண்டும். கழுத்துக்குக் கீழே அறிகுறி இருந்தால், அதாவது காய்ச்சல், உடல்வலி, நெஞ்சிலிருந்து வரும் இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு இவற்றுள் எதுவாயினும் இருந்தால், பயிற்சியே கூடாது.

இவ்விதி அனுபவத்தில் பிறந்தது. அதன் முதல் பாதியைச் சோதிக்கும் வாய்ப்பு சில ஆண்டுகளில் கிடைத்தது. இந்தியானா மாநிலத்தின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னரும் அவருடைய குழுவினரும் 50 இளைஞர்களின் மூக்கில் சளி வைரசைச் செலுத்தினர். 34 பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தனர். 16 பேர் செய்யவில்லை. பத்து நாள்கள் அறிகுறிகள் குறித்துவைக்கப்பட்டன. மூக்கைத் துடைத்த காகிதத் தாள்களைக்கூட எடைபோட்டுப் பார்த்தனர். சளியின் கடுமையிலோ நீடித்த நாள்களிலோ இரு குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 1998-இல் வெளிவந்த இவ்வாய்வின் முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மிதமான பயிற்சி சளியை மோசமாக்கவில்லை, குணமாக்கவும் இல்லை. செலுத்தப்பட்டது சாதாரணச் சளி வைரஸ். செய்யப்பட்டது 40 நிமிடப் பயிற்சி. ஐந்து மணி நேர மலையேற்றத்துக்கு இதைச் சான்றாகக் காட்ட இயலாது.

எல்லாமே கிருமியா?

1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மராத்தானுக்குப் பின் டேவிட் நீமன் 2,311 ஓட்டக்காரர்களிடம் தகவல் திரட்டினார். பந்தயத்துக்கு அடுத்த வாரத்தில், ஓடியவர்களில் 12.9 விழுக்காட்டினர் நோயுற்றதாகச் சொன்னார்கள். பதிவு செய்தும் நோய் அல்லாத வேறு காரணங்களால் ஓடாதவர்களில் அது 2.2 விழுக்காடு. அளவான பயிற்சி நோயைத் தடுக்கும், அளவு மீறினால் நோய் வரும் என்ற கருத்து இத்தகைய ஆய்வுகளால் பரவியது. 2018-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கருத்தை மறுத்தனர். பயிற்சி எதிர்ப்பாற்றலைக் குறைப்பதாகச் சொல்லச் சான்று போதாது. கூட்டம், பயணம், தூக்கமின்மை ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். இவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

இடையே 2007-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று மிதிவண்டி வீரர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. மிதிவண்டி வீரர்களையும் முப்போட்டி வீரர்களையும், பயிற்சி செய்யாத சிலரையும் ஐந்து மாதங்கள் கவனித்தனர். மூக்கு, தொண்டை அறிகுறிகள் 37 முறை தோன்றின. அவற்றுள் 11 முறை மட்டுமே கிருமி கண்டறியப்பட்டது. எஞ்சியவற்றுள் சில, சோதனையில் சிக்காத கிருமிகளால் வந்திருக்கலாம். ஒவ்வாமை, குளிர்காற்று, தூசி, உலர்ந்த மூச்சுப்பாதை ஆகியவையும் காரணமாக இருக்கலாம். வீரர் ‘சளி’ என்று சொல்வதெல்லாம் ஒரே நோய் ஆகாது என்பதே இதன் பாடம். கிருமியால் வந்ததற்கு ஓய்வு தேவை. ஒவ்வாமையால் வந்ததற்கு முறையான சிகிச்சை தேவை; அதற்கு நாள்கணக்கில் ஓய்வெடுத்துப் பயனில்லை.

விகின்ஸ் விவகாரம்

ஒவ்வாமைக்கான சிகிச்சையும் சர்ச்சையில் சிக்கியது. பிரிட்டனின் பிராட்லி விகின்ஸ் 2012-இல் டூர் வென்றார். 2011, 2012 டூர்களுக்கும் 2013-இன் ஜிரோ டி இத்தாலியாவுக்கும் சற்று முன்னதாக, மகரந்த ஒவ்வாமைக்கென அவர் டிரையம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போட அனுமதி பெற்றிருந்தார். 2016-இல் இணையவழித் திருடர்கள் மருத்துவ ஆவணங்களை வெளியிட்டபோது இது தெரியவந்தது. அனுமதி முறைப்படி வழங்கப்பட்டிருந்தது, விதி மீறப்படவில்லை. ஆனால் 2018 மார்ச்சில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்று, அவரது அணி அறத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிக்கை அளித்தது. ஓட்டத் திறனை உயர்த்தவே மருந்து பயன்பட்டது என்ற கூற்றை விகின்ஸும் அணியும் மறுத்தனர்.

பின்னர் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, 2022 முதல் இவ்வகை ஸ்டீராய்டு ஊசிகள் அனைத்தையும் போட்டிக்காலத்தில் தடைசெய்தது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்துக்கு, உரிய அளவில், அனுமதி உண்டு. இதற்கு முன்பே, 2007-இல் தொடங்கப்பட்ட நம்பகமான மிதிவண்டி விளையாட்டுக்கான இயக்கம் தன் உறுப்பு அணிகளுக்கு விதி ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. சோதனையில் கார்ட்டிசால் குறைவாகக் காணப்படும் வீரர் குறைந்தது எட்டு நாள்கள் போட்டியிலிருந்து ஒதுங்க வேண்டும். ‘அவ்வளவு மருந்து தேவைப்படும் நிலையில் இருப்பவர் வீட்டில் இருக்கட்டும்’ என்பதே இதன் உட்பொருள்.

விலகுவது இழுக்கு அன்று

2013 மே 17 அன்று ஜிரோவிலிருந்து இருவர் ஒரே நாளில் விலகினர். ஒருவர் மார்புத் தொற்றால் அவதியுற்ற விகின்ஸ். மற்றவர் முந்தைய ஆண்டில் அப்பந்தயத்தை வென்ற கனடாவின் ரைடர் ஹெஸ்யெடால், அவரும் நோயுற்றிருந்தார். பத்தாண்டு கழித்து, 2023 மே 14 அன்று, பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் ஜிரோவின் ஒன்பதாம் கட்டத்தை ஒரு வினாடி வேறுபாட்டில் வென்றார். முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டை அவர் வசம் வந்தது. அன்றிரவே கோவிட் சோதனையில் தொற்று உறுதியானது. உடனே போட்டியிலிருந்து விலகினார்.

மெர்க்ஸைப் போலவே எவனபூலும் பெல்ஜியர். அவரைப் போலவே அப்போது உலக வாகையர். ஒருவர் உடைந்த கன்னத்தோடு பாரிஸ் வரை ஓட்டினார். மற்றவர் முதலிடத்தில் இருந்தபடியே வீடு திரும்பினார். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் மருத்துவம் வளர்ந்தது; விலகுவதை இழுக்காகக் கருதும் வழக்கமும் தளர்ந்தது. முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2024 டூரில் கெரெய்ன்ட் தாமஸ் கோவிட் தொற்று உறுதியான பின்னும் ஓட்டினார்.

இன்று சொல்லப்படுவது

சளி பிடித்த மிதிவண்டி ஓட்டுநருக்கு இவ்வரலாறு தரும் வழிகாட்டல் சுருக்கமானது.

அறிகுறி மூக்கோடு நின்றால், சமதரையில், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில், குறைந்த நேரம் ஓட்டலாம். போட்டி வேகமும் மலையேற்றமும் அப்போது வேண்டா.

காய்ச்சல், உடல்வலி, நெஞ்சு இருமல், மூச்சுத்திணறல் இருந்தாலோ, காலையில் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருந்தாலோ ஓய்வே மருந்து. காய்ச்சல் மாத்திரை இல்லாமலே காய்ச்சல் நின்ற பிறகு படிப்படியாகத் திரும்ப வேண்டும். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் ஆகியவை தோன்றினால் மருத்துவரைப் பார்க்காமல் வண்டியில் ஏறக் கூடாது.

முகவலியும் கெட்டியான சளியும் பத்து நாள்களுக்கு மேல் நீடித்தாலோ, சற்றுத் தேறிய பின் மீண்டும் மோசமானாலோ அது சைனஸ் தொற்றாக இருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மாற்றம், கடும் தலைவலி என்றால் காத்திருக்கக் கூடாது.

உப்புநீரால் மூக்கைக் கழுவும் முறை, நம் நாட்டில் ஜலநேதி என்ற பெயரில் பழகியது, பலருக்கு இதம் தருகிறது. அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையோ வாலைவடிநீரையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், அந்நீரில் இருந்த அமீபாவால் மூளை தாக்கப்பட்டு இறந்தனர்.

போட்டியில் கலந்துகொள்பவர், மருந்துக் கடையில் தாமாக வாங்கும் சளி மாத்திரையின் உட்பொருள்களைப் படித்துப் பார்க்க வேண்டும். மெர்க்ஸுக்கும் ரடுகானுக்கும் மருத்துவரே மருந்து கொடுத்தார்; தண்டனை வீரருக்குத்தான் கிடைத்தது.

சில நாள் ஓய்வால் உடலின் திறன் பெரிதாகக் குறைந்துவிடாது. நோயோடு போராடி ஓட்டியதால் நீளும் பலவீனமோ பல வாரங்களை விழுங்கிவிடும். நூறாண்டுக்கு முன் பெலிசியேயின் பையில் இருந்தவை உடலின் குரலை அடக்கும் மருந்துகள். பிற்காலத்து மருத்துவர்கள் அக்குரலைக் கேட்கப் பழகினர். கழுத்து விதியும் எட்டு நாள் விதியும் அந்தப் பழக்கத்தின் பயன்களே. பயிற்சி ஏட்டில் ஓய்வு நாளையும் ஒரு பயிற்சி நாளாகவே குறித்துவைக்கும் வீரர் நெடுநாள் வண்டி ஓட்டுவார்.